கையை எடு

முகம்பாரு காலையில் அந்த வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கியபோது வெயில் நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. மேட்டின் உச்சியில் ஒரு பழைய வீடு, பக்கத்தில் தகரக் கதவு போட்ட கார் ஷெட், வாசலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நீளமாக ஓர் இறக்கம்.

முகம்பாரு என்பது பட்டப்பெயர். பழைய கார்களின் டாஷ்போர்டில் ஓடும் குரோம் பட்டைகளைக் கழற்றிக்கொண்டு போய், தேய்த்து, முலாம் ஏற்றி, புதுசாக்கிக் கொண்டுவந்து மாட்டுவது அவன் தொழில். மாட்டி முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, "முகம் பாருங்க" என்பான். கார்க்காரர் குனிந்து அந்தப் பட்டையில் தன் மூஞ்சியைப் பார்த்துப் பல்லிளிக்க வேண்டும். அதுவரை நகர மாட்டான். வேலையில் கெட்டிக்காரன், அதை இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தன்னைத் தவிர உலகத்தில் எல்லோரும் அரைகுறை என்பது அவன் முடிவு. மற்ற முலாம்காரர்கள் பூசி மெழுகுகிறவர்கள். கார்க்காரர்கள் ஒரு மண்ணும் தெரியாதவர்கள். ரோட்டில் போகிறவர்கள் ஓட்டத் தெரியாதவர்கள். மனைவி பயந்தாங்கொள்ளி.

அந்தப் பயந்தாங்கொள்ளியை மருந்துக்கடையில் இறக்கிவிட்டுத்தான் இங்கே வந்திருந்தான். அங்கே அவளுக்கு வேலை. கடைக்குப் போகும் வழியில் ஒரு பஸ்ஸை வளைவில் முந்தினான். எதிரே லாரி வருவது அவனுக்கும் தெரியும், ஆனால் லாரிக்காரன்தான் ஒதுங்க வேண்டும் என்பது அவன் சட்டம். அவள் கை டாஷ்போர்டைப் பிடித்தது. கால் கீழே விரிப்பை அழுத்தியது.

"அங்க பிரேக் இல்ல," என்றான். தினமும் சொல்வதுதான்.

"தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு மிதிக்கிற?"

"நீங்க மிதிக்க மாட்டேங்கறீங்க. யாராவது மிதிக்கணும்ல." கடை வாசலில் இறங்கிக் கதவைச் சாத்தும் முன் குனிந்து, "ஒருநாள் இந்த சீட்டுலேர்ந்து என்னை உயிரோட இறக்கிவிட மாட்டீங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவன் காதில் ஏறவில்லை.

மேட்டு வீட்டின் சொந்தக்காரர் ஒரு காலத்தில் காண்ட்ராக்டர். அவர் கட்டிய கட்டடங்களில் பாதி ஒழுகும் என்பார்கள். அவர் வீடும் ஒழுகியது, அந்த விஷயத்தில் மனிதர் நேர்மையானவர். கண்ணில் புரை விழுந்துவிட்டதால் இப்போது கார் ஓட்டுவதில்லை. ஆனாலும் பழைய கார்களின் அணிவகுப்பு ஒன்று வருகிறதென்று கேள்விப்பட்டு, ஷெட்டில் கிடந்த வண்டிக்கு அலங்காரம் செய்யக் கிளம்பியிருந்தார்.

ஷெட்டைத் திறந்ததும் இருட்டு முதலில் வெளியே வந்தது, வாசனை பின்னால் வந்தது. பழைய பெட்ரோல், எலிப்புழுக்கை, வெயில் படாத தோல் இருக்கை. பெரிய கறுப்பு வண்டி. முகம்பாரு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து பார்த்தான். டாஷ்போர்டின் குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே நீளப் பட்டை. இந்தப் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. சுற்றிப் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

முகப்பவுடர் வாசனை அடித்தது. அப்போதுதான் யாரோ பூசிக்கொண்டு ஏறி உட்கார்ந்ததுபோல.

அந்தப் பக்கத்துப் பட்டைமேல் யாரோ வெள்ளி டேப் ஒட்டியிருந்தார்கள். முகம்பாருவுக்கு வாந்தி வராத குறை. குரோம் போன இடத்தில் டேப் ஒட்டுகிறவனை அவன் மனிதனாகவே மதிப்பதில்லை. நகத்தால் கீறி உரித்தான். அடியில் முலாம் போய்ப் பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. நான்கு தேய்மானங்கள், பக்கம் பக்கமாக. பட்டையின் கீழ்விளிம்பில் ஐந்தாவது ஒன்று. தன் கையை வைத்துப் பார்த்தான். விரல்கள் சின்னவை, ஆனால் இடம் சரியாக இருந்தது.

"யாரு சார் இப்படிப் பிடிச்சுத் தொங்கினது?"

"என் வீட்டுக்காரிதான்," என்றார் காண்ட்ராக்டர். "வண்டி கிளம்பினா பிடிப்பா, நின்னாத்தான் விடுவா. கீழ பாருங்க, கால் வேற."

கீழே விரிப்பு ஒரே இடத்தில் தேய்ந்து நூல் நூலாகக் கிடந்தது. அதை விலக்கினால், தளத்தின் தகடு ஒரு பாதத்தின் அளவுக்குக் குழிந்திருந்தது. கையால் அழுத்தினான். டொப் என்று உள்ளே போனது. விட்டதும் டொப் என்று திரும்பி வந்தது.

"பிரேக் மிதிக்கறாளாம்," என்றார் காண்ட்ராக்டர்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். நீண்டநாள் கூட்டாளிகள் மாதிரிச் சிரித்தார்கள்.

"என் வீட்டுலயும் ஒண்ணு இருக்கு சார். இப்ப அம்மா எங்க?"

"போயிட்டா. இதே வண்டியிலதான். இறக்கம் மெயின் ரோட்டுல சேருதே, அங்க." வேலிக்கால் விழுந்த கதையைச் சொல்லும் குரலில் சொன்னார். "அன்னிக்குத்தான் பட்டைக்குப் புதுசா முலாம் போட்டு மாட்டியிருந்தேன். கிளம்பின உடனே கையை வெச்சா. கையை எடு, குரோம் போயிடும்னேன். எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. என் பேச்சைக் கேட்டது அந்த ஒரு நாள்தான். லாரி வந்துச்சு, நான் பிரேக் போட்டேன், கொஞ்சம் லேட்டு. எனக்கு ஸ்டியரிங் இருந்துச்சு பிடிச்சுக்க."

அவளுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதை அவர் சொல்லவில்லை.

முகம்பாரு பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். செத்தவளுக்காக அல்ல. வேறொரு கணக்கு இடித்தது. "அன்னிக்குத்தான் புது முலாம்னா, இந்தத் தேய்மானம் எப்ப வந்துச்சு?"

"அப்புறம் வந்துச்சு."

"அப்புறம் யாரு உக்காந்தாங்க?"

"யாரும் உக்காரல." காண்ட்ராக்டர் முகம் சுருங்கியது. "அதான் டேப் ஒட்டினேன். நீங்க குரோம் போட வந்தீங்களா, கேள்வி கேக்க வந்தீங்களா?"

வேறு ஒருவனாக இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுப் போயிருப்பான். முகம்பாருவுக்கு அந்த அளவு புத்தி கிடையாது. முலாம் போட்டவன் திருட்டுப்பயல், மெல்லிசாகப் பூசிவிட்டு ஏமாற்றியிருக்கிறான், அதனால்தான் தானாகப் போயிருக்கிறது என்று முடிவுகட்டினான். திருகாணிகளைக் கழற்றி, பட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டான்.

அவன் ஷெட்டை விட்டு வெளியே வரும்போது பின்னால் டொப் என்று கேட்டது. வெயிலில் தகடு விரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். ஷெட்டுக்குள் வெயில் எங்கே வந்தது என்று நினைக்கவில்லை.

பட்டறையில் அவன் தனியாகத்தான் வேலை செய்வான், வேறு யாரையும் நம்ப மாட்டான். பழைய முலாமை நீக்கி, பித்தளையை மெருகுச் சக்கரத்தில் பிடித்து வழவழப்பாக்கி, எண்ணெய்ப்பசை போகக் கழுவினான். முலாம் தொட்டியில் இறக்கும் முன் ஒரு சோதனை உண்டு. சுத்தமான உலோகத்தின்மேல் தண்ணீர் விட்டால் ஒரே தாளாகப் படர்ந்து நிற்கும். எங்காவது விரல்பட்ட பிசுக்கு இருந்தால் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் விலகும். அங்கே முலாம் ஒட்டாது.

தண்ணீர் ஊற்றினான். நான்கு இடத்தில் விலகியது.

மறுபடி கழுவினான், மறுபடி ஊற்றினான். அதே நான்கு இடம். சோப்புக்காரனைத் திட்டினான், தண்ணீர் கொண்டுவந்து விட்டவனைத் திட்டினான். கையுறையைப் புதிதாக மாற்றிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேய்த்தான். தண்ணீர் படர்ந்தது, விளிம்பு வரை வந்தது, பிறகு அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு விரலுக்கும் ஒதுங்கி வழிவிட்டது.

பட்டறையில் முகப்பவுடர் வாசனை வந்தது.

அவனுக்கு முதுகு சில்லென்றது, அது உண்மை. ஆனால் பயம் வந்தால் கேலி செய்வதுதான் அவன் பழக்கம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காண்ட்ராக்டரின் குரலை அப்படியே எடுத்து, "கையை எடு, குரோம் போயிடும்," என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

தண்ணீர் மூடிக்கொண்டது.

நான்கு ஓட்டைகளும் ஒன்றாக, ஒரே நொடியில். பட்டை முழுக்க ஒரே தாளாக நின்றது. சொன்ன பேச்சைக் கேட்கிறவர்கள் அப்படித்தான் கேட்பார்கள், ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

முகம்பாருவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் வேலை ஆகிவிட்டதல்லவா, அவனுக்கு அதுதான் முக்கியம். பட்டையைத் தொட்டியில் இறக்கினான். முலாம் மறுவின்றி ஏறியது.

பட்டையை மாட்டிய அன்று மனைவிக்கு விடுமுறை. அவளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தான். அழைத்துப்போகச் சொன்னவர் காண்ட்ராக்டர். "மாட்டினதும் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க தம்பி. உங்க வீட்டம்மாவைப் பக்கத்துல உக்கார வைங்க. பிடிக்காம வர்றாங்களான்னு பார்ப்போம்," என்று போனில் சொல்லிச் சிரித்திருந்தார். இவனும் சிரித்திருந்தான்.

மாட்டி முடித்து, பட்டைமேல் குனிந்து 'ஹா' என்று ஊதினான். மூச்சு சீராகப் படிந்து சீராக மறைந்தது. கையைக் கட்டிக்கொண்டு, "முகம் பாருங்க," என்றான். காண்ட்ராக்டர் புரை விழுந்த கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்துப் பல்லிளித்தார்.

மனைவி வண்டியைச் சுற்றிவந்து பார்த்தாள். குழிந்த தகட்டையும் பார்த்தாள். அதன்மேல் புது விரிப்புப் போட்டிருந்தார்கள், ஆனால் குழி தெரிந்தது. "பிரேக் பார்த்தீங்களா?" என்று கேட்டாள்.

"நான் குரோம்காரன். பிரேக்குக்காரன் இல்ல."

"யாராவது பார்த்தாங்களா?"

"உன்னால என் குரோம்ல கை வைக்காம வர முடியுமா முடியாதா? அதைச் சொல்லு."

அவள் அவனையும் காண்ட்ராக்டரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "வைக்க மாட்டேன்," என்று சொல்லி ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள்.

வண்டி வாசலைத் தாண்டி இறக்கத்தில் இறங்கியது. முதலில் மெதுவாகத்தான் போனது. அவனுக்கு அது பொறுக்கவில்லை. மிதித்தான். வண்டி உறுமியது, ஆனால் வேகம் எடுக்கவில்லை. யாரோ பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தது.

டொப்.

"காலை எடு," என்றான்.

"என் கால் சீட்டுக்கு அடியில இருக்கு."

பவுடர் வாசனை. ஜன்னல் திறந்திருந்தும் போகவில்லை. அவன் இன்னும் மிதித்தான். டொப். வண்டி மூச்சுத் திணறி மெதுவானது. எரிச்சலோடு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். புதுக் குரோம்மேல், அவன் பெருமையின்மேல், நான்கு விரலின் ஈரம் பூத்திருந்தது.

பற்றிக்கொண்டு வந்தது அவனுக்கு.

"கையை எடு, குரோம் போயிடும்."

"என் கை மடியிலதான் இருக்கு," என்றாள் அவள், மிக மெதுவாக. "நான் வைக்கணும்னாலும் இடமில்ல. வேற கை இருக்கு அங்க."

குரோம்மேல் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சுண்டுவிரல் கடைசியாகப் போனது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள்.

வண்டியைப் பிடித்து வைத்திருந்த எதுவோ விட்டுவிட்டது.

வண்டி பாய்ந்தது. கீழே மெயின் ரோட்டில் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. முகம்பாரு பிரேக்கை மிதித்தான். பெடல் சேற்றில் காலை வைத்தாற்போல் தளம் வரைக்கும் போனது. மறுபடி மிதித்தான். ஒன்றுமில்லை. வாய் திறந்திருந்தது, அதிலிருந்தும் ஒன்றும் வரவில்லை. அத்தனை பேரையும் அரைகுறை என்றவனுக்கு அந்த நேரத்தில் செய்யத் தெரிந்ததெல்லாம் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொள்வதுதான்.

அவனுக்குப் பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் இருந்தது.

மனைவி கோத்த கையைப் பிரித்தாள்.

"அக்கா," என்றாள். அவனிடம் பேசவில்லை. "எடுக்காதீங்க. பிடிச்சுக்கோங்க. நானும் பிடிச்சுக்கறேன்."

இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்து, குழிந்த தகட்டின்மேல் காலை ஊன்றி மிதித்தாள்.

டொப்.

டொப்.

சக்கரங்கள் கிறீச்சிட்டன. வண்டி முகம் குப்புற அமிழ்ந்து, குலுங்கி நின்றது. வண்டியின் முகப்புக்கு முன்னால் லாரி கடந்து போனது. அதன் காற்றில் வண்டி ஆடியது. டிரைவர் தலையை வெளியே நீட்டிச் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது, ஆனால் அது சரியான வார்த்தை.

முகம்பாருவின் முகத்தில் ஈயாடவில்லை. பெடல் இன்னும் அவன் காலடியில் தளத்தோடு ஒட்டிக் கிடந்தது. அவன் பிரேக் வேலை செய்யவில்லை. இல்லாத பிரேக்தான் வேலை செய்திருந்தது.

"பிரேக் லைன்ல காத்து புகுந்திருக்கும்," என்றான். "அப்புறம் தானா பிடிச்சிருக்கும்."

அவள் கதவைத் திறந்து இறங்கினாள். இறங்கியவள் கதவை உடனே சாத்தாமல், இன்னொருவர் இறங்கக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சாத்தினாள்.

காண்ட்ராக்டர் மூச்சிரைக்க இறங்கி வந்து, முதல் வேலையாகப் பட்டையைத்தான் தடவிப் பார்த்தார். சற்று முன் முகம் தெரிந்த குரோம் போயிருந்தது. பித்தளை மஞ்சளாகத் தெரிந்தது. ஒரு கை இருந்த இடத்தில் இப்போது மூன்று கை. மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில்.

"இது சரியில்லையே தம்பி," என்றார். "மறுபடி போட்டுக் குடுத்துடுங்க."

முகம்பாரு சாவியை அவர் கையில் வைத்துவிட்டு மேட்டில் ஏறித் தன் காரை எடுக்கப் போனான். முகம் பாருங்க என்று சொல்லவில்லை. அவருக்கு அங்கே பார்க்க முகம் இருந்ததா என்பதும் சந்தேகம்தான்.

அவன் காரை ஓட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது மனைவி பின்கதவைத் திறந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

"முன்னாடி வா. நான் என்ன டிரைவரா?"

"அதுவும் இல்ல," என்றாள்.

வண்டி கிளம்பியது. உடனே கீங், கீங், கீங் என்று மணியடிக்க ஆரம்பித்தது. முன்சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அந்தக் கார் அப்படித்தான் அடிக்கும். முன்சீட்டில் யாரும் இல்லை.

"முன்னாடி உன் பையை வெச்சியா?"

"பை என் மடியில இருக்கு."

கீங், கீங், கீங்.

ஓரமாக நிறுத்திச் சீட்டைத் தட்டினான், கதவைத் திறந்து மூடினான், கார் செய்த கம்பெனியைத் திட்டினான். மணி நிற்கவில்லை.

"பெல்ட்டைப் போட்டு விடுங்க," என்றாள் பின்னாலிருந்து. "நின்னுடும்."

காலி சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது. கையை எடுத்தபோதுதான் கவனித்தான். காலி சீட்டில் பெல்ட் சப்பையாகச் சீட்டோடு படிய வேண்டும். படியவில்லை. ஓர் ஆள் அளவுக்கு முன்னால் தள்ளி நின்றது. மெல்ல ஏறியது, மெல்ல இறங்கியது.

பவுடர் வாசனை வண்டியை நிறைத்தது.

வண்டியைக் கிளப்பினான். பயந்தாலும் பழக்கம் போகுமா? கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் முன்னால் உருண்டுகொண்டிருந்தது. வளைவு வந்தது. அவன் கால், அந்தத் திமிர் பிடித்த கால், ஆக்சிலரேட்டரில் அழுந்தியது. வண்டி பஸ்ஸை விட்டு வெளியே மூக்கை நீட்டியது.

டொப்.

புது வண்டி. குழிவே இல்லாத தளம். இந்த வண்டியில் அந்தச் சத்தம் வர வழியே இல்லை. வண்டி மெதுவாகி, பஸ்ஸின் பின்னால் ஒழுங்காகத் திரும்பி வந்து ஒண்டிக்கொண்டது. அவன் கால் பிரேக்கின் பக்கமே போகவில்லை.

பக்கத்துச் சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். அவள் இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சாய்ந்து உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

"என்ன பேசாம இருக்கீங்க?" என்றாள். "அங்க பிரேக் இல்லன்னு சொல்லிப் பாருங்களேன்."

அவன் சொல்லவில்லை. பஸ்ஸின் புகையைக் குடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனான்.

பக்கத்துச் சீட்டில் பெல்ட் கொஞ்சம் தளர்ந்தது, யாரோ நிம்மதியாக மூச்சை விட்டுச் சாய்ந்துகொண்டதுபோல.